நான்கு புள்ளி மூன்று

முசஃபாவுக்கு அப்பால்
கடல் வற்றி உப்புப் பொருக்குத் தட்டும் சப்கா வெளி.
அங்கே வாழும் ஒரு நுண்ணுயிரின் புரதம்
என் திரையில் சுழல்கிறது.
இருநூற்று நாற்பத்தொரு அமினோ அமிலங்கள்.
நல்ல தண்ணீரில் விட்டால் குலைந்துபோகும்,
உப்பில்தான் உருவம் நிற்கும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
இவ்வளவு நேராக எடுத்துக்கொண்ட உயிரை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

யார் யாரைத் தொடுகிறார்கள் என்று எண்ணுவது என் வேலை.

பீட்டா கார்பனிலிருந்து பீட்டா கார்பனுக்கு அளவு.
எட்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் என்றால்
வரைபடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.
கிளைசினுக்கு பீட்டா கிடையாது,
அதற்கு மட்டும் ஆல்பாவிலிருந்து அளக்க வேண்டும்.
எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு,
ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்.

மூலைவிட்டத்தை ஒட்டிய புள்ளிகளை
முதலிலேயே அழித்துவிடுவேன்.
நாற்பதும் நாற்பத்தொன்றும் சேர்ந்திருப்பது
செய்தியே அல்ல,
சங்கிலியில் அவை அப்படித்தான் பிறந்தன.
நாற்பத்தொன்றாவது ஆஸ்பார்டேட்
இருநூற்றுப் பன்னிரண்டாவது அர்ஜினைனுக்கு எதிரே
எப்படி வந்து நின்றது?
இடையில் நூற்றெழுபது பேர்,
எத்தனையோ திருப்பங்கள்.

உப்புப் பாலம் என்று சொல்ல
நான்கு ஆங்ஸ்ட்ராம் எல்லை.
படிகத்தில் இவை நிற்கும் தூரம்
நான்கு புள்ளி மூன்று.

எல்லையை நாலரை ஆக்கிவிடலாமே என்றேன்.
'நாலரை என்றால் ஏன் ஐந்து இல்லை?'
டாக்டர் ஷம்மா கேட்டுவிட்டு
கஹ்வா ஃபின்ஜானை இடமும் வலமும் ஆட்டினார்.
இங்கே அதற்குப் போதும் என்று பொருள்.
ஊற்ற வந்தவர் போய்விட்டார்.
நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஷாபியா பத்தில் எங்கள் அறை.
என் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே
ஒரு பிளைவுட் தட்டி.
தட்டிக்கு அப்பால் ஒரே மெத்தையில் இருவர்:
பகலில் ஜெய்லானி, கிடங்கின் இரவுக் காவல்.
இரவில் தேவசகாயம், ஏசி மெக்கானிக்.
ஒருவர் எழுந்து வேன் ஏறிய பிறகுதான்
இன்னொருவர் வேன் வந்து நிற்கும்.
என் கோப்புகளிலும் இது உண்டு:
ஒரே அமினோ அமிலம், இரண்டு நிலைகள்,
ஏ என்றும் பி என்றும் எழுதி
இருப்பு அரை, இருப்பு அரை என்று குறிப்பார்கள்.
வாடகையும் அப்படித்தான்.

படிகம் உறையவைத்து எடுத்த படம்.
அதனால் புரதத்தைக் கணினியில்
உப்பு நீருக்குள் அவிழ்த்துவிட்டேன்.
மூன்று இரவுகள் ஓடியது, ஆயிரம் சட்டகங்கள்.
நாற்பத்தொன்று கை நீட்டுகிறது, விலகுகிறது,
நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு புகுந்து
மத்தியஸ்தம் செய்துவிட்டுப் போகிறது.
தொட்டவை அறுநூற்றுப் பதினேழு.
உண்டு என்றும் இல்லை என்றும்
நான் கேட்டதே தப்பு.
எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

எல்லையை நாலிலேயே விட்டுவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மணற்புயல்.
இரவு வேன் வரவில்லை.
ஜெய்லானி கட்டிலின் தலைமாட்டில்,
டூல் பையோடு நுழைந்த தேவசகாயம் கால்மாட்டில்.
பதினான்கு மாதங்களில் முதல் முறை.
முகம் தெரியாது.
ஜெய்லானிதான் மூக்கை உறிஞ்சினார்:
'அந்த வேப்பெண்ணெய் நீங்கதானா?'
'போர்வையை மடிச்சு வைக்கிறது நீங்கதானே?'

நீங்க படுங்க, இல்ல நீங்க படுங்க என்று
தட்டிக்கு அப்பால் அரை மணி நேரம்.
பிறகு இரண்டு பாய்கள் விரியும் சத்தம்.

விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
தரையில் ஒருவர் வாசலைப் பார்த்து,
ஒருவர் சுவரைப் பார்த்து.
நடுவே எவ்வளவு என்று கண் போனது.
ஒரு முழம் இருக்கலாம், அளக்கவில்லை.
மேலே மடித்த போர்வையோடு கட்டில்,
இருப்பு பூஜ்யம்.