நாற்பத்திரண்டில் ஒருத்தி

அங்கீகாரக் குழு மார்ச்சில் வருகிறது.
அதற்குள் நிரப்ப வேண்டும்
நூற்றுப் பதினாறு கட்டங்கள்.
இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் விளைவு.
மருத்துவ உதவியாளர் பயிற்சி, பதினான்காம் அணி,
வடக்கு டகோட்டா.

வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இன்ஜின் உறையாமலிருக்க
மின்கம்பியில் கட்டிய கார்கள்
சுவரோரம் மாடுகள்போல் நிற்கின்றன.

இலக்கு ஒன்று: நோயாளியிடம் முழுதாகக் கேட்டறிதல்.
நூறு சதம்.
இலக்கு நான்கு: காயம் தைத்தல்.
நூறு சதம். பன்றிக்கால் அறுபது வாங்கினோம்,
ரசீது இணைப்பில்.
இலக்கு ஒன்பது: தேசியத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியோர்.
நாற்பத்திரண்டில் நாற்பத்தொருவர்.

குறைகிற அந்த ஒன்று
ரோண்டா ஷெல்ஸ்டாட்.
வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷம்
சர்க்கரை ஆலைக்குப் பீட்கிழங்கு லாரி ஓட்டியவள்.
எலும்புகளின் பெயர்களை
நெடுஞ்சாலை ஊர்களாகப் படித்தாள்:
அடுத்து எது வரும், எங்கே திரும்ப வேண்டும்.
அவளுக்குக் கையெழுத்திட்ட டெஸா
அவளைவிடப் பதினாறு வயது இளையவள்.
இருவரும் ஒருவரையொருவர் 'மேடம்' என்று கேலி செய்துகொண்டார்களாம்.
அதற்கும் கட்டமில்லை.

அவளுடைய பதிவேடு என் மேசையில் கிடக்கிறது.
அறுநூற்றுப் பதினோராம் நோயாளி.
போன பிப்ரவரி. மருத்துவர் இல்லாத மருத்துவமனை;
மருத்துவர் தொண்ணூற்று நான்கு மைலுக்கு அப்பால்
ஒரு தொலைபேசி எண்.

ஆண், அறுபத்தெட்டு. கோதுமை, கொஞ்சம் கன்றுகள்.
'நெஞ்சுல லேசா எரிச்சல். அவ சொன்னான்னு வந்தேன்.'
வலி பத்துக்கு எத்தனை?
'ரெண்டு.'
அந்தப் பக்கத்து ஆட்களின் இரண்டு அது.
தானிய இயந்திரத்தில் விரல் போனாலும்
மூன்று என்பார்கள், யோசித்து.

இதய வரைபடம் சரி. நுரையீரல் தெளிவு.
கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று.
பிறகு பட்டியலில் இல்லாத ஒன்று:
போன வாரம் முடிந்து இன்றைக்கு முடியாமற்போனது எது?
அவர் தொப்பியைக் கையில் உருட்டினார்.
'கன்னுக்குத் தீவன வாளி.
கொட்டகைக்குப் போறதுக்குள்ள
ரெண்டு தடவை கீழ வெச்சேன்.'

எனக்குத் தெரியவில்லை, என்றாள் அவரிடம், அவர் மனைவியிடம்.
தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

பதிவேட்டில் அவள் கையெழுத்து,
லாரி எடைச்சீட்டில் எழுதுவதுபோல் குறுக்கமாக:
தெரியவில்லை. அழைத்தேன்.

ஹெலிகாப்டர் பறக்கவில்லை.
பனி வாரும் வண்டி முன்னே, ஆம்புலன்ஸ் பின்னே,
தொண்ணூற்று நான்கு மைல், நான்கு மணி நேரம்.
மூன்று குழாயிலும் அடைப்பு. அறுவை.
மூன்றாம் நாள் விடியலில் இறந்தார்.
கான்சாஸிலிருந்து மகன் வந்துசேர
அந்த மூன்று நாள் போதுமாயிருந்தது.

விளைவு என்றால் விளைந்தது.
இங்கே யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை,
ஏக்கருக்கு இத்தனை புஷல்.
ஆலங்கட்டி அடித்துப்போன வயலுக்கும்
காப்பீட்டுக்காரன் ஒரு கட்டம் வைத்திருக்கிறான்.
என் படிவத்தில் வைக்கவில்லை.

ரோண்டா இரண்டாம் முறை தேறிவிட்டாள்.
படிவம் முதல் முறையை மட்டும் கேட்கிறது.
தொலைபேசியில் சொன்னேன், எண் குறைகிறதே என்று.
'குறையட்டும்' என்றாள். 'அந்த இதயக் கேள்விகளில்
விடை நாலு கொடுத்திருந்தார்கள்.
அழைப்பேன் என்பது அதில் இல்லை.'
சிரித்தாளா என்று தெரியவில்லை. லைன் மோசம்.

மே மாதம் அந்த மனைவி வந்தாராம்.
டெஸா சொன்னது இது.
வெயில் வந்த பிறகும் குளிர்க்கோட்டைக் கழற்றாமல்
இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருந்தார்.
யாரிடம் பார்க்கிறீர்கள் என்றதற்குப்
பெயர் நினைவில்லை.
'தெரியலைன்னு சொன்னாளே,
அவ.'

பயிற்சி முடிந்து போய்விட்டாள் என்றார்கள்.
அப்படியா, இன்னொரு நாள் வரேன் என்று
கைப்பையை எடுத்துக்கொண்டார்.

வரவில்லை, இதுவரை.
இரத்த அழுத்தம்: அளக்கப்படவில்லை.

நூற்றுப் பதினைந்து நிரம்பிவிட்டன.
காலியாயிருந்தால் அந்தக் கட்டம்
தானாகவே சிவக்கிறது.