எக்ஸ் வந்தால் அழுத்தாதே

திரையில் எழுத்துகள் வரும்.
ஒவ்வொன்றுக்கும் விசையை அழுத்த வேண்டும்,
எக்ஸ் வந்தால் மட்டும் கூடாது.
பதினாலு நிமிஷம்.

முதல் மூன்று நிமிஷம் நான் ராணி.
பிறகு பேராதனை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே
ஒரு குரங்கு யாருடையதோ சோத்துப் பார்சலைப் பிரித்தது.
எக்ஸ்.
அழுத்திவிட்டேன்.
பருப்பா சம்பலா என்று பார்ப்பதற்குள்
எக்ஸ், எக்ஸ்.

நாற்பத்திரண்டு வருஷமாய் இப்படித்தான்.
செக்ரோலில் செவனம்மா பறித்த பதினெட்டுக் கிலோ
செபமணியின் கோட்டில் ஏறும்.
சம்பளத்தன்று இரண்டு பேரும் ஆப்பீஸ் வாசலில் நிற்பார்கள்.
"கவனமில்ல" என்பார் துரை.
அதற்கு வேறொரு பெயர் இருப்பது
மகனைக் காட்டப் போன இடத்தில்தான் தெரிந்தது.
சாமான் தொலைக்கிறானா?
நான் தொலைக்கிறேன்.
பேச்சுக்கு நடுவில் எழும்பிப் போகிறானா?
டொக்டர் நில்மினி பேனையை மூடிவிட்டு
என்னைத் தேடினார்.
நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

எண்களைத் தலைகீழாய்ச் சொல்லச் சொன்னார்கள்.
ஏழு, இரண்டு, ஒன்பது, நாலு.
நாலு, ஒன்பது...
மீதி நானுஓயா ரயிலேறிப் போய்விட்டது.
சொற்களை வாசித்தவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.
பனை, வள்ளம், உப்பளம்.
நான் பார்த்திராத கடலில் வள்ளம் ஆடியது,
அதற்குப் பின் வந்த எதுவும் கேட்கவில்லை.
கூடை, கவ்வாத்து, கொந்தரப்பு என்று
கேட்டிருக்கலாமே பிள்ளை என்று சொல்ல நினைத்தேன்.
அதையும் மறந்தேன்.

பிறகு அந்தக் குழாய்.
"அசைய வாணாம்" என்றான் பொடியன்,
சிங்களம் ஒட்டிய தமிழில்.
தலையைச் சுற்றி
ஸ்டோரில் ரோலர் ஓடுகிற மாதிரிக் கடகடப்பு,
டொக் டொக், பிறகு நீளமாய் ஓர் ஊளை.
ஒரே ஒரு சத்தம்
மற்றச் சத்தங்களை எல்லாம் தின்றது.
நான் அசையவில்லை.
தூங்கியே போனேன். தட்டித்தான் எழுப்பினார்கள்.

ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.
சரிவு விழுந்த மலையில் தெரியுமே
செம்மண் தழும்பு, அப்படி.
விரலை வைத்து
"இதோ, துரை" என்று காட்ட.
படத்தில் குறுக்கே வெட்டிய கோவா.
நுவரெலியாவிலிருந்து லொறி லொறியாய்ப் போகிற அதே கோவா.
"நோமல்" என்றார் டொக்டர்.
நூற்றுக்கணக்கான தலைகளைக் கூட்டிப் பிரித்தால்
நூலளவு வித்தியாசம் தெரியுமாம்,
ஒற்றைத் தலையில் தெரியாதாம்.
எனக்கு விளங்கிற்று.
மலையின் சராசரியை வைத்து
ஒருத்தியின் கூடையைச் சொல்ல முடியாது.

"அப்ப நான் பொய்யா, மிஸ்?"
"படத்தைவிட நீங்க சொன்னதைத்தான் நம்புறேன்."

அப்படி ஒருவர் சொன்ன அன்றைக்கு
மருந்துத் துண்டை
அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.
கம்பளை தாண்டித்தான் ஞாபகம்.

கொட்டகலையில் ரயில் நின்றபோது
உறையைப் பிரித்து மகனுக்குப் படத்தைக் காட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இதில நீங்க எங்க இருக்கீங்க?"

இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கையில்
தலவாக்கலை போய்விட்டது.