முந்நூற்று நாற்பது அடி

ஏழு கிலோமீட்டர் என்றிருந்தது ரசீதில்.
ஏழரை மணிக்கே எட்டுப் பேரும் வந்துவிட்டோம்.
காட்டின் வாசலில் ஒரு பெஞ்சு,
கம்பித் தூரிகை, பிளாஸ்டிக் தொட்டி,
மழைக்கோட்டின் பொத்தானைத் தப்பாய்ப் போட்டுக்கொண்டு
ஙாஹூயா.

ங-வில் தொடங்கும் பெயரை
அதுவரை நான் கூப்பிட்டதேயில்லை.
என் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில்
அந்த எழுத்துக்கு மட்டும் படம் கிடையாது.
இங்கே இருக்கிறது:
ஙஹெரெ என்றால் மாவோரியில் காடு.
வாய் திறக்குமுன் மூக்கில் தொடங்கிவிடும் சொல்,
ஈர இலையின் வாசம்போல.

"அடியைக் காட்டுங்கள்" என்றாள்.
லாடம் கட்டுபவள் குதிரையிடம் வாங்குவதுபோல்
ஒவ்வொரு காலாய்த் தன் முழங்காலில் வாங்கி
பூட்ஸின் பள்ளங்களை ஆணியால் தோண்டினாள்.
"இது எந்த ஊர் மண்?"

யோசிக்க வேண்டியிருந்தது.
ஃபெர்கஸின் காலில் இரண்டு பண்ணைகளின் சாணம்.
சியோனேவுக்கு ரக்பி மைதானம், சனிக்கிழமை, தோல்வி.
என் பள்ளத்தில் ஒரு சிவப்புப் பொருக்கு.
தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

கௌரி என்றால் இங்கே மரம்.
அதன் வேரைத் தின்னும் நோய்க்கு
நீந்தத் தெரியும், வெகுதூரம் நடக்கத் தெரியாது.
எங்கள் கால்களை இரவல் வாங்கிக்கொள்கிறது.
குண்டூசித் தலையளவு மண் போதுமாம்.

தூரிகையை வாங்கிய ஐல்சா அப்படியே நின்றாள்.
குதிகாலில் மஞ்சள் களிமண், காய்ந்து.
"செவ்வாய்க்கிழமை புதைத்தோம்" என்றாள்.
யாரை என்று சொல்லவில்லை.
ஙாஹூயா தூரிகையைத் திரும்ப வாங்கினாள்,
தன் சாப்பாட்டுப் பையில் துழாவித் தேக்கரண்டி எடுத்தாள்,
துளி சிந்தாமல் சுரண்டி
ஜாம் பாட்டிலில் போட்டு இறுக மூடினாள்.
"இதைத் தொட்டியில் போட எனக்கு மனம் வராது.
உள்ளே கொண்டுபோகவும் விட முடியாது.
காரில் வைத்துவிட்டு வாருங்கள்."

பிறகு மரங்களைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.
வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் இருந்தது.
நடுவில் என் பெயரும் வந்தது, கொஞ்சம் நெளிந்து.

பலகைப் பாதை. யாரும் பேசவில்லை.
ஏழு கிலோமீட்டருக்கான தண்ணீர்
முதுகில் குலுங்கிக்கொண்டே வந்தது.
நான் அடிகளை எண்ணினேன், கெட்ட பழக்கம்.
முந்நூற்று நாற்பதில் அவள் நின்றாள்.

எட்டுப் பேர் கைகோத்தாலும் எட்டாத மரம்.
யாரும் கோக்கவில்லை.
அடிமரத்தில் பிசின் வழிந்திருந்தது,
போன வாரம் இல்லாதது.
தேன் நிறம். வெயில் பட்டு மின்னியது.
அழகாக வேறு இருந்து தொலைத்தது.

ஙாஹூயா போனை உயர்த்திப் பார்த்தாள், சிக்னல் இல்லை.
பையிலிருந்து கயிறெடுத்துப் பாதைக்குக் குறுக்கே கட்டி
நடுவில் ஒரு பச்சைக் கிளையைச் செருகினாள்.
ராஹூயி. இனி யாரும் தாண்டக் கூடாது.
"எவ்வளவு நாளைக்கு?" என்றார் ஃபெர்கஸ்.
"எங்கள் ஆட்கள் கூடிப் பேச வேண்டும்.
என் கையில் இருப்பது இந்த இரண்டு முடிச்சுதான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"பணத்தைத் திருப்பித் தருகிறேன்.
மெதுவாகத்தான் தர முடியும்,
இந்த நடைதான் என் சம்பளம்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம்
பாதை வளைந்து பெரணிகளுக்குள் போயிற்று.
ஆறே முக்கால் கிலோமீட்டர்.
அதற்கு நாங்கள் செய்யக்கூடியது
போகாமல் இருப்பது.

திரும்பும்போது எண்ண மறந்துவிட்டேன்.

வெளியே வந்தும் தேய்க்க வேண்டுமாம்.
பலகைமேலேயே நடந்த கால்கள், பள்ளங்கள் வெறுமை.
ஆனாலும் வரிசையில் நின்று அடியைக் காட்டினோம்.
சிவப்புப் பொருக்கு இருந்த இடத்தை
நான் இரண்டுமுறை பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் ஃபெர்கஸ் பெஞ்சில் உட்கார்ந்து
தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.
ஙாஹூயா ஒரு நொடி தயங்கினாள்,
பிறகு காலைத் தூக்கி வைத்தாள்.
"இடது காலை நன்றாகப் பாருங்கள்,
பள்ளம் ஆழம்" என்றாள்.
அவர் ஆணியைத் தேடினார்.