அளவுக் கொப்பி

கொடிகாமம் சந்தைக்குப் பின்னால்
செபமாலையின் தையற்கடையில் கிடந்தது
அந்த அணியின் வரலாறு.
நீல மட்டை. நூற்றிருபது பக்கம்.
கடைசிப் பத்துப் பக்கம் கறையானுக்கு.

மூன்று வருடம் வேறெங்கெல்லாமோ தேடியிருந்தேன்:
நூலகத்தின் பத்திரிகைக் கட்டுகளில்,
கச்சேரியின் இடம்பெயர்ந்தோர் பதிவுகளில்,
கிணற்றுக்குள் போட்டுவிட்டேன் என்று
ஸ்டூடியோக்காரர் சத்தியம் பண்ணும் நெகட்டிவ்களில்.
பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை.
எரித்தவர்கள் எதிரிகள் மட்டுமல்லர்,
பெற்றவர்களும்தான்,
அடுப்பில், விடிவதற்குள்.

இங்கே அறுபத்துமூன்று பெயர்.
தணிகையன்: மார்பு 32, கை 21, இடை 26.
செங்கீரன்: மார்பு 34, இடது தோள் சரிவு.
பதவி இல்லை. ஊர் இல்லை.
நாலு பெயருக்கு எதிரே மட்டும்
அதே சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு:
"வளருகிற பிள்ளை. ஓரத்தில் துணி கூட விடவும்."

அந்த நாலு பேரை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

பங்குனியில் தணிகையனுக்கு மார்பு 32.
ஆவணியில் தணிகையனுக்கு மார்பு 36.
ஐந்து மாதத்தில் நாலு அங்குலம்.
"உணவு வழங்கல் திருப்திகரமாக இருந்திருக்க வேண்டும்"
என்று குறித்துக்கொண்டேன்.
இரண்டு நாள் அந்த வசனத்தில் எனக்குப் பெருமை.
செபமாலை நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னார்:
"அது வேற பொடியன், தம்பி.
பேரைத்தான் திருப்பிக் குடுத்தவை."

அதற்குப் பிறகு
அறுபத்துமூன்று என்பது எத்தனை பேர் என்று
எனக்குத் தெரியாது.

மாவத்தகமையிலிருந்து அபேகோன் கடிதம் போட்டார்,
ஓய்வுபெற்ற கோப்ரல்,
எதிர்ப்பக்கத்துப் பதுங்குகுழிக்காரர்.
வங்கியில் வேலைசெய்யும் பெண் வாசித்துச் சொன்னாள்.
அவர்களுடைய வரலாறு தடித்த அட்டையில் அச்சாகியிருக்கிறதாம்;
நீரேரிக்கரைச் சண்டை அதில் பதினாலாந் திகதி.
இங்கே எல்லோருக்கும் பதினைந்து.
"இரண்டும் பிழையாக இருக்கலாம்.
எனக்கு மழை மட்டும்தான் ஞாபகம்.
புத்தகத்தில் என் நண்பனின் பெயரையும் விட்டுவிட்டார்கள்"
என்று எழுதி,
கீழே நண்பனின் பெயரை
இரண்டு தரம் எழுதியிருந்தார்.

சிவில் உடுப்பில் வந்த ஒருவர்
வாசலில் நின்று கேட்டார்:
"இதெல்லாம் இப்ப என்னத்துக்கு?"
மொன்றியலில் இருந்து மச்சானும் அதையே கேட்டான்,
கொஞ்சம் சத்தமாக.
இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் இருந்தது:
கணக்குச் சரிவரேல்லை.

போன செவ்வாய், கச்சாயிலிருந்து தவலோஜினி.
தம்பியின் இயக்கப்பெயர் தணிகையன் என்று
ஆரோ சொன்னதாம்.
எந்தத் தணிகையன் என்று கேட்டேன்.
கேள்வி அவவுக்கு விளங்கவில்லை.
புடவைக்கடைப் பையைத் திறந்து
ஒரு பள்ளிக்கூடச் சட்டையை எடுத்தா,
பையில் மை கசிந்த வெள்ளைச் சட்டை.

செபமாலை அதை மேசையில் விரித்தார்,
தைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வெள்ளைகளை
ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு.
நாடாவைப் பிடித்தார்.
திரும்பவும் பிடித்தார்.
முப்பத்துநாலு.

"தளர்வு விட்டுத் தைச்சிருந்தால்
ஆள் முப்பத்திரண்டு" என்றார்.
"இதைப் போட்ட பிறகு வளர்ந்திருந்தால்
முப்பத்தாறு."
"அதிலை என்ன வித்தியாசம்?"
செபமாலை கண்ணாடியைக் கழற்றினார்.
"முப்பத்திரண்டெண்டால் பங்குனிப் பொடியன்.
ஆவணிக்கு முன்னமே..."
மிச்சத்தைச் சொல்லாமல்
நாடாவைச் சுருட்டினார், விரலில், இறுக்கமாக.

வெளியே மினிபஸ்காரன்
பருத்தித்துறை, பருத்தித்துறை என்று கத்தினான்.
அவ சட்டையை மடித்தா.
கைகளை உள்ளே விட்டு, கொலரை நீவி,
நாளைக்கு ஒருவன் போடப்போவதுபோல.

"முப்பத்தாறெண்டு எழுதுங்கோ" என்றா.

இருபது வருடம் காணி அளந்தவன் நான்.
ஓர் அடி தள்ளி வேலி போடக் காசு நீட்டியவர்களை
வாசலோடு அனுப்பியவன்.

எழுதினேன். பென்சிலால்.