பூட்டும் முன்

பன்னிரண்டு மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள்.
கோரிப்பாளையம் டீக்கடை பெஞ்சில்
பதினேழாவது இடத்தை நிரப்புகிறேன்.

சென்னையை முதல்ல போடு, என்கிறான் ஜெபஸ்டின்.
கேஸ் நிறைய வரும்.

கேஸ் என்றால்
உசிலம்பட்டியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்கும்
யாரோ ஒருத்தியின் அப்பா.

உதவித்தொகை, விடுதி,
பாண்டு எத்தனை வருஷம்,
எல்லாம் எக்செல் கட்டங்களில் இருக்கிறது.

தேனியில் முதலாண்டு படிக்கும் பூங்கோதையிடம்
ஒன்றுதான் கேட்டேன்:
ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒண்ணும் புரியலைன்னா யாரை எழுப்புவ?

‘அசிஸ்டென்ட் சாரை. திட்டுவாரு.
திட்டிக்கிட்டே செருப்பை மாட்டுவாரு.’

பதினொன்றில் கிடந்த தேனியை
உச்சிக்கு இழுத்தேன்.
சென்னை ஒரு படி இறங்கியது.

ஜெபஸ்டின் டீயை வைத்துவிட்டு
என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறான்.

எண்பத்தெட்டு.
ஒழுங்காத்தான் இருக்கு, என்கிறான்
நம்பாமல்.