மூன்று மைக்குகள், ஒரு ராத்திரி

சைக்கிள் விற்ற காசு
அறுபத்தெட்டாயிரம் பெசோ.
இரண்டு முறை எண்ணிய பௌதிலியோ
கடைக் கண்ணாடியைத் திறந்து
மூன்று பெட்டிகளைத் தள்ளினான்:
"ராத்திரி வீட்டில் பேசிப் பாருங்க.
காலையில ரெண்டு திரும்பி வரணும்."

வால்பரைசோவில் எங்கள் மலைக்கு
நூற்று எண்பத்திரண்டு படி.
எதெல்மிரா முன்னால் ஏறினாள்
கண்டென்சரை முட்டைத் தட்டு போல ஏந்தி.

ஸ்டூடியோ என்று நாங்கள் சொல்வது
துணி அலமாரியை.
கோட்டுகளை நெருக்கித் தள்ளினால்
ஒரு நாற்காலி, ஒரு ஆள்.
கித்தார் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும்.

முதலாவது யுஎஸ்பி. நீலம். மலிவு.
எரிவாயு ரசீதை வாசித்தாள் அதில்.
தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ
எங்கள் பாக்கியை எங்களுக்கே நினைவூட்டினார்கள்.
சிரித்துவிட்டுப் பெட்டியில் வைத்தோம்.

அடுத்தது டைனமிக்.
நல்ல கனம். வலைத் தலையில் ஒரு சொட்டை.
உதட்டை ஒட்டிப் பேசினால்தான் உண்டு;
ஒரு சாண் விலகினால்
செவிடன் காதில் ஊதிய சங்கு.
ஆனால் கீழ்த்தெரு நாய்கள் அத்தனையும்
சேர்ந்து குரைத்தபோதும்
ரசீது மட்டுமே பதிவாகியிருந்தது.

கண்டென்சருக்கு
நாற்பத்தெட்டு வோல்ட் கொடுத்ததும்
வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது.
ஃபிரிட்ஜின் முனகல்,
துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்கும் அதிர்வு,
கீழ்வீட்டு ஒலிவாரெஸின் இருமல்,
சொல்லுக்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சின்
ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு.
என்ன குரல்!
ஏழு வருஷம் பக்கத்தில் படுத்தும்
நான் கேட்டிராத குரல்.

ரொட்டி வாங்க நான் படியிறங்கினேன்.
பதிவை யாரும் நிறுத்தவில்லை.

பின்னிரவில் ஹெட்போன் மாட்டி
வெட்டி ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன்.
நாற்பத்தோராவது நிமிடம்.
அலமாரிக்கு வெளியே, சமையலறையில்,
குழாய்த் தண்ணீருக்கு நடுவே
பூனையிடம் சொல்கிறாள்:
"ஆகஸ்டுக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா
அந்தோஃபகாஸ்தாவுக்குப் போயிடுவேன்.
சுரங்கத்துக் கேன்டீன்ல ஆள் எடுக்கிறாங்க.
அவன்கிட்ட இன்னும் சொல்லல."
பிறகு பூனை எதையோ நக்கும் ஓசை,
மிகத் துல்லியமாக.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே என்பார்கள்.
இருபத்தேழாயிரம் கூடக் கொடுத்தால்
அந்தப் பழமொழியை
வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

"கண்டென்சர்தானே?
அவ குரலுக்கு அதுதான்" என்றான் பௌதிலியோ.
"நாய்கள்" என்றேன்.
எதெல்மிரா என்னைப் பார்த்தாள்,
கொஞ்சம் அதிக நேரம்.
"ஆமாம், நாய்கள்" என்றாள்.

டைனமிக் முப்பத்தெட்டாயிரம்.
மீதியில் கேபிள், நுரை உறை,
படியேறும் வழியில் ஆளுக்கொரு எம்பனாடா.

இது ஜூன் மூன்றாம் வாரம்.
கோட்டுகளுக்கு நடுவே
மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடுகிறாள்.
கதவைப் பிடித்தபடி நிற்கிறேன்.
அந்தக் கோப்புக்கு
'நாய்கள் 2' என்று பெயர் வைத்திருக்கிறேன்.
அழிக்கவில்லை.