எருது இதயம்

மூன்று கோடையாய் ஒரே கதை.
நண்பகலில் தலை தொங்கும்,
மாலையில் நிமிரும்.
பிழைத்துவிட்டது என்று வாளியைக் கவிழ்த்துவிட்டு
உள்ளே போவாள் ராய்னா.
நான்காம் நாள் எதுவும் நிமிராது.
தண்டைப் பிளந்து பார்த்தால்
தேநீர்க் கறை மாதிரி ஒரு வளையம்.

மண்ணில்தான் நோய்.
கான்கிரீட் கொட்டிக் காரை நிறுத்து என்றான்
பக்கத்து வீட்டு கிராசென், பூட்டு ரிப்பேர்க்காரன்.
ராய்னாவிடம் கார் இல்லை.

மரீத்சா ஆற்றங்கரையில் அந்த ஊரில்
ஒரு தக்காளிக்கு எருது இதயம் என்று பெயர்.
இளஞ்சிவப்பு, ஒரு கைக்கு அடங்காது,
தோல் மெலிசு.
நோய் வந்தால் முதலில் சாய்வதும் அதுதான்.
காட்டுத் தக்காளியின் வேரை
அதற்குக் கீழே வைத்துப் பாருங்கள் என்றார்கள் விதைக்கடையில்.
காட்டு விதை சோம்பேறி;
ஐந்து நாள் முந்தி விதைத்தாள்.
இரண்டும் தீக்குச்சிப் பருமனுக்கு வரக் காத்திருந்தாள்.

ஏப்ரல். ஜன்னலோர மேசை.
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
புது பிளேடு.
இருபத்தாறு வருடம் அறுவை அரங்கில்
பிடி முன்னால் வர, கத்தி நீட்டியவள்.
எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவள்.
ஒரு தடவைகூட வெட்டியதில்லை.

மூன்றாவது கை வேண்டியிருந்தது.
கிராசென் வந்தான்.
குட்டிக் கிளிப்புகளை உள்ளங்கையில் ஏந்தி
தேவாலயத்தில் நிற்பவன்போல் நின்றான்.

சாய்வாக ஒரு வெட்டு:
காட்டுக்குத் தலை போயிற்று.
இன்னொன்று:
எருதுக்குக் கால் போயிற்று.
ஒட்டுமில்லை உறவுமில்லை என்போமே,
இங்கே உறவு உண்டு, ஏழு தலைமுறைக்கு அப்பால்.
ஒட்டுதான் இனிமேல்.

காயத்தைக் காயத்தின்மேல் வைத்தாள்.
அதற்குள் அவன் கிளிப்பை நீட்டினான்.

"இப்போ இல்லை. நான் கேட்கும்போது."

சொன்னது அவள் வாய்.
குரல் டாக்டர் மின்செவுடையது.
செத்து ஒன்பது வருடமான மனிதர்
எந்தக் கதவு வழியாக
இந்தச் சமையலறைக்குள் வந்தார்?
நீட்டுவது யார் கை என்று
அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.
அவள் பார்த்தாள்.
கிராசெனுக்குக் காது சிவந்திருந்தது.

பிளேடைக் கீழே வைத்துக் காபி போட்டாள்.
வெட்டிய தண்டு காயக் கூடாது.
தெரிந்துதான் போட்டாள்.
அந்த முதல் செடி செத்தது.

மற்ற பதினொன்றும் கேக் டப்பாவுக்குள்.
மேலே ஒரு கம்பளி.
மூன்று நாள் இருட்டு.
மூடியின் உட்புறம் வியர்த்து வழிந்தது.
எட்டிப் பார்க்கக் கூடாது.
எட்டிப் பார்த்தாள்.
தையல் போட்டதும் தள்ளுவண்டியில் போய்விடுவார்கள்,
அப்புறம் என்ன ஆனார்கள் என்று
அவளிடம் யாரும் வந்து சொன்னதில்லை.

எட்டாம் நாள் எண்ணினாள்.
ஏழு.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும்.
எருதின் தண்டு மண்ணைத் தொட்டால் போதும்,
சொந்தக் கால் ஞாபகம் வந்துவிடும்;
வேர்விட்டு நேரே நோயிடம் போகும்.

ஜூலையில் ஒரு செடியில்
ஒட்டுக்குக் கீழே பக்கக் கிளை ஒன்று
கிள்ளாமல் தப்பி வளர்ந்திருந்தது.
கோலிக்குண்டுக் காய்கள்.
கடித்தால் கசப்பு, புல் வாடை.
வெட்டணும் என்றான் கிராசென்.
வெட்டணும் என்றாள் அவளும்.
இரண்டு வாரம் விட்டுவைத்தாள்.
காடு இத்தனை நாள் கீழே இருந்து சுமக்கிறது,
நாலு காய் காய்த்துவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி.
தேதி. அதன் கீழ், அறுவை: ராய்னா.
பதிவேட்டில் கடைசிப் பத்தியைத் தாண்டாத பெயர்.
உதவி: கிராசென்.
அவன் அதைப் படித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் தோட்டக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டான்.

முதல் பழம் எழுநூறு கிராம்.
பலகையில் வைத்தாள், கத்தியை எடுத்தாள்.
அவன் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு
அவள் கேட்கும்வரை காத்திருந்தான்.